கவிழ்த்து வைத்த கிண்ணி

பாடை தெருமுனையைத் திரும்பி, மேளச் சத்தம் ஒரகடம் ரோட்டு லாரிச் சத்தத்தோடு கரைந்ததுமே கங்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். ஆம்பளைகள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயாயிற்று. அவர்கள் திரும்பி வந்து கால் கழுவி வாசற்படி ஏறுவதற்குள் வீடு முழுக்கக் கழுவிவிட்டு, மாமனாரைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து அழ நேரமில்லை. உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து அவளை ஒழுங்காக அழ விடவும் இல்லை.

விடாதவள் கிளியம்மாள். செத்துப்போன கன்னியப்பனுக்கு ஒரே தங்கை, மணிமங்கலத்தில் வாக்கப்பட்டவள். ஒப்பாரி வைப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. விடிந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கியவள், வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

எட்டூரு மெச்சும் எம்பொறப்பே - நீ
எலும்பா உருகிப் போனதென்ன
கஞ்சி ஊத்த ஆளில்லாம
காஞ்ச சருகா ஆனதென்ன
சிப்டுக்குப் போற வூட்டுக்குள்ள
சீமான் ஒனக்குச் சோறேது

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டே கங்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். நேருக்கு நேர் கேட்டிருந்தால் கங்கா பதில் சொல்லியிருப்பாள். வாயில்லாதவள் ஒன்றும் இல்லை. ஒப்பாரியில் வைத்துப் பாடினால் என்ன செய்வது? அது செத்தவருக்குச் சொல்வது. குறுக்கே பேசினால் பேசினவள்தான் பாவி. கிளியம்மாளுக்கு அது தெரியும். தெரிந்துதான் பாடினாள்.

பிணத்தைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது என்பதும் நிஜம். அதைத் தெருவே பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கங்கா ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாதாரண ஆளாகச் சேர்ந்து, இந்த வருஷம்தான் லைன் லீடர் ஆனாள். மாமனாருக்குத் தொண்டையில் நோய் என்று தெரிந்தபோது டாக்டர், "வயசாயிடுச்சி, ஆபரேஷன் தாங்காது. வீட்லயே வெச்சி கஞ்சி கூழா குடுங்க, முடிஞ்ச வரைக்கும் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு கஞ்சி, வந்த பிறகு ஒரு கஞ்சி. நொய்யும் பாசிப்பருப்பும் பூண்டும் சீரகமும் குழைய வேகவைத்து, மிக்சியில் ஓட்டி, வடிகட்டி, அதில் நாத்தனார் சசிகலா வாலாஜாபாத்திலிருந்து வாங்கி வந்த சாக்லேட் வாசனைச் சத்துமாவையும் கரைத்துக் கொடுப்பாள்.

முதலில் கன்னியப்பன் குடிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் கங்கா அவர் அறை வாசலிலேயே நின்று புருஷனிடம், "இப்டியே வுட்டா சரியா வராது. நான் வேலய வுட்டுட்டு வூட்லயே இருந்து ஊட்டறேன்" என்று சொன்னாள். மறுநாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். கஞ்சியை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கிண்ணி காலி. காலி மட்டுமா, கழுவித் துடைத்து ஜன்னல் திட்டில் கவிழ்த்தும் வைத்திருப்பார். "நல்லா இருந்துச்சிம்மா" என்று தினமும் ஒரு சர்டிபிகேட் வேறு. கங்கா அதைக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கிண்ணி காலியாகிக்கொண்டே இருந்தது, ஆள் இளைத்துக்கொண்டே போனார். நோய் தின்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி ஊட்டியவளைத்தான் கஞ்சி ஊற்றாதவள் என்று நடுத்தெருவில் பாடியாயிற்று. கிளியம்மாளிடம் சாட்சியும் இருந்தது. போன வாரம் அண்ணனைப் பார்க்க வந்தபோது மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். "நான் சோத்தப் பெசஞ்சி குடுத்துட்டு, எதிர் வூட்ல ரெண்டு வார்த்த பேசிட்டு வர்றதுக்குள்ள தட்ட வழிச்சி வெச்சிக்கிது எங்கண்ணன். போட்டாத்தான் துன்னுதே. போடத்தான் ஆளில்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பொய் என்றும் கங்காவால் சொல்ல முடியாது. அந்தத் தட்டையும் அவள்தானே ஜன்னல் திட்டிலிருந்து எடுத்தாள்.

கூடத்தைக் கழுவித் தள்ளியாயிற்று. சசிகலா பின்னாலேயே துடைப்பத்தோடு வந்தாள். அப்பா செத்த துக்கத்தில் முகம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். நம்புகிறாளா நம்பவில்லையா என்று கங்காவுக்குத் தெரியவில்லை. கிளியம்மாள் பாடினதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

மாமனாரின் அறையைக் கழுவிவிட்டு, அதை ஒட்டிய பாத்ரூம் கதவைத் திறந்தாள். வாஷ்பேசின் விளிம்புவரை நிறைந்து நின்றது.

அது சில வாரமாகவே மெல்லத்தான் இறங்கும். பல் தேய்த்துத் துப்பினால் நுரை போக மனசில்லாமல் சுற்றிக்கொண்டு நிற்கும். ஓட்டையின் மேல் இருந்த சல்லடைத் தட்டுகூட ஒருநாள் காணாமல் போனது. கேட்டதற்கு, "துருப்புடிச்சிட்ச்சி, எறிஞ்சிட்டேன்" என்றார் கன்னியப்பன். பிளம்பர் சுப்பனைக் கூப்பிடலாம் என்று எப்போது சொன்னாலும், "அவன் வந்தா செவுத்த ஒடைப்பான். நான் பாத்துக்கறேன், நீ வுடும்மா" என்று துடைப்பக்குச்சியைக் கையில் எடுத்துவிடுவார். போன வாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் முகம் கழுவிக் கழுவி, இப்போது பன்னீரும் தைலமும் சாமந்தி இதழுமாகக் கலங்கிக் கிடந்தது தண்ணீர்.

கிளியம்மாள் பாத்ரூம் வாசற்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? பொணம் போன வூட்ல இப்டி தண்ணிய நிக்க வுட்டுகினு கீற? தீட்டுத் தண்ணி. இது போவாம வெளக்கேத்தக் கூடாது, சொல்ட்டேன்."

"அடச்சிக்கிச்சி அத்த."

"அடச்சிக்கினா? எங்கண்ணன் கெடந்த ரூம்பு. மூஞ்சி கழுவக்கூட வழியில்லாமத்தான் கெடந்துச்சா அது?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஒப்பாரிக்கு ஒரு வரி தயாராகிவிட்டது என்று கங்காவுக்குப் புரிந்தது.

"சுப்பன் வரட்டும் அண்ணி" என்றாள் சசிகலா மெதுவாக.

சுப்பன் பாடைக்குத் தோள் கொடுத்துப் போயிருந்தான். அவன் வரும்போது மற்ற ஆம்பளைகளும் வந்துவிடுவார்கள். விளக்கில்லாத வீட்டில் வந்து நிற்பார்கள். பிள்ளை கொள்ளி வைத்துவிட்டு வந்து இருட்டு வீட்டைப் பார்த்தான் என்று காலம் முழுக்கச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும். கங்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து வரவேண்டிய கோபம், அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"சுப்பன் எதுக்கு? நானே பாக்கறேன்" என்றாள்.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் முப்பிடாதி படியிறங்கி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு. பகலில் தூங்க வேண்டியவள், காலையிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தனியா என்னத்துக்குச் செய்தீய? நானும் வாரேன்" என்று சுடிதார் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

முதலில் மக்கால் மொண்டு தண்ணீரை வாளியில் ஊற்றினார்கள். ஓட்டையில் துடைப்பக்குச்சியை விட்டுக் குத்தினாள் கங்கா. குச்சி கொஞ்சம் இறங்கி, மெத்தென்று எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தாள். நாலு குமிழி வந்தது, அவ்வளவுதான். கிளியம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு நகர்வதாயில்லை.

"கீழ குப்பி மாதிரி இருக்குல்லாக்கா, அதுக்குள்ளதான் அடைச்சிருக்கும். அதைக் கழட்டிருவோமா?" என்றாள் முப்பிடாதி.

பேசினுக்கு அடியில் வெள்ளை பிளாஸ்டிக் குப்பி ஒன்று தொங்கியது. கங்கா ஈரத்தரையில் மல்லாந்து படுக்காத குறையாகக் குனிந்து, அதன் மூடியைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருகினாள். மூடி இன்னும் இறுகியது.

"யக்கா, கீழருந்து பாக்கையில பக்கம் மாறிரும். நீங்க முறுக்குதீய."

கங்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. நாள் பூராவும் லைனில் நின்று, போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று புதுப் பெண்களுக்குக் கத்துகிறவள் அவள். ஒரு ஈரத்துணியைச் சுற்றி, மறுபக்கம் திருகினாள். முப்பிடாதி மேலே பிடித்துக்கொண்டாள். விரல் முட்டி வெளுத்தது. கிரீச் என்று ஒரு சத்தம். அப்புறம் மூடி பொதக்கென்று அவள் கையோடு வந்தது.

புளித்த வாடை அறை முழுக்க ஏறியது. வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கங்கா பொத்திக்கொள்ளவில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரியும். பூண்டு, சீரகம். மேலாக ஒரு சாக்லேட் வாசனை.

குப்பிக்குள் கஞ்சி. அச்சில் வார்த்த இட்லி போல, குப்பியின் உருவத்திலேயே இறுகிப் போய் வெள்ளையும் பழுப்புமாகப் படிந்திருந்தது. முப்பிடாதி ஒரு பழைய தட்டை நீட்டினாள். தட்டியதும் கட்டியாக வந்து விழுந்தது. மேலே குழாயிலும் அதேதான். குச்சியால் இழுக்க இழுக்கக் கஞ்சி வந்துகொண்டே இருந்தது.

சசிகலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்துமாவு வாசனை அவளுக்கும் எட்டியிருந்தது.

கடைசியாக ஓட்டை வாய்ப்பக்கம் அடைத்திருந்ததை விரலை விட்டு நோண்டி எடுத்தாள் கங்கா. கஞ்சியில் பொதிந்து கொழகொழவென்று ஏதோ உருண்டது.

"இது என்ன பயறுக்கா?" என்று முப்பிடாதி குனிந்து பார்த்தாள். "மொச்சையால்லா இருக்கு."

மொச்சைதான். ஒன்று, இரண்டு என்று இல்லை, ஒரு கைப்பிடி. கூடவே கருவாட்டு முள். கங்கா மக்கில் தண்ணீர் எடுத்து நிதானமாக அலசி, தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. கிளியம்மாளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நம்ம வூட்ல மொச்ச ஆக்கி ரொம்ப நாளாச்சி அத்த" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரல் ஓங்கவில்லை. ஆனால் அவள் நெஞ்சுக்குள் அடித்த மேளம், பாடைக்கு முன்னால் போன மேளத்தைவிடப் பெரிதாக அடித்தது. ஜெயிப்பது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாள். நாறுகிற கையோடு, நனைந்த புடவையோடு அவள் அந்த நிமிஷம் நிமிர்ந்து நின்ற மாதிரி, லைன் லீடர் பேட்ஜ் குத்திய அன்றைக்குக்கூட நின்றதில்லை.

கிளியம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மொச்சையை எடுத்து விரலால் உருட்டினாள். திருப்பிப் பார்த்தாள்.

"தோலு கூட உரியல" என்றாள். "ஒரு பல்லு படல."

"அத்த" என்று சசிகலா அவள் தோளைத் தொட்டாள்.

"எங்கிட்டயும் அதான்டி சொல்லிச்சி. நல்லா இருந்துச்சி கிளின்னுச்சி." கிளியம்மாள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எதிர் வூட்டுக்குப் போயிட்டு வான்னு அதுதான் அனுப்பிச்சி என்னிய."

கன்னியப்பன் ஆயுசு பூரா கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர். உள்ளேயிருந்து ஒரு நட்டு போல்ட்டு வெளியே போகாமல், போகிறவன் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தே அனுப்பியவர். அப்படிப்பட்ட மனுஷன், இரண்டு பொம்பளைகளுக்குத் தெரியாமல் இத்தனை கஞ்சியைக் கடத்தியிருக்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு சுடுகாடு போய்ச் சேரும் வரைக்கும் தாங்கிவிட்டது.

கங்காவின் கண் சுவரில் போய் நின்றது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் இடுப்பு உயரத்தில் எண்ணெய்க் கை பட்ட தடம். எத்தனை தடவை தேய்த்துக் கழுவியிருப்பாள், எத்தனை தடவை மனசுக்குள் சலித்துக்கொண்டிருப்பாள். ஒரு கையில் கஞ்சி, ஒரு கையில் சுவர். விழாமல், சிந்தாமல், தினமும் இரண்டு வேளை. "நான் வேலய வுட்டுடறேன்னு சொன்ன மறுநாள்லருந்துதான் அத்த கிண்ணி காலியாச்சி" என்றாள்.

"அண்ணி" என்றாள் சசிகலா. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து. கங்காவின் நாறுகிற கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஆம்பளையாளுக வந்துருவாவக்கா" என்று முப்பிடாதிதான் நினைவுபடுத்தினாள்.

குப்பியைத் தேய்த்துக் கழுவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, இந்தத் தடவை சரியான பக்கம் திருகினாள் கங்கா. முப்பிடாதி மாடிக்கு ஓடி, கெட்டிலில் கொதித்த வெந்நீரைக் கொண்டுவந்தாள். அதை ஊற்றியதும் குழாய்க்குள் கொளக் கொளக் என்று ஒரு முனகல் கேட்டது. கங்கா பைப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். பேசினில் தண்ணீர் ஏறியது, ஏறியது, பாதிவரை ஏறியது. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நடுவில் ஒரு சுழி விழுந்தது. சுழி ஆழமாகி, ஓட்டை கண் திறந்து, பெரிய ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு மொத்தத் தண்ணீரையும் ஒரே வாயில் இழுத்துக்கொண்டது.

முப்பிடாதி கை தட்டிவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துச் சசிகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து வாசலில் நின்ற பெண்களுக்கும் வந்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். ஏப்பம் அந்தக் குழாய்க்கு வந்ததே, அந்த மனுஷனுக்கு வரவில்லையே என்று நினைத்ததும் கங்காவுக்குச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நன்றாக, சத்தமாக அழுதாள். கிளியம்மாள் குறுக்கே எதுவும் பாடவில்லை.

தெருவில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சசிகலாவைக் கொடுத்த வாலாஜாபாத் ஜனங்கள், பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தவர்கள். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதுகொண்டே இறங்கினார்கள். பிந்தி வந்தவர்களைத் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவது வீட்டுப் பெண்களின் முறை. கிளியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனாள். சசிகலாவும் போனாள்.

கங்கா போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே காதை மட்டும் வாசலில் வைத்திருந்தாள். காலையில் பாடினதையே பாடுவாளோ? வாலாஜாபாத் ஜனங்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் கொண்டுபோகும் பாட்டுத்தான் நாளைக்கு அங்கே பேச்சு. தண்ணீர் சத்தத்தில் கேட்காமல் போய்விடப் போகிறது என்று பைப்பை மூடினாள்.

கிளியம்மாளின் குரல் எழுந்தது. கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் தெருவுக்கே கேட்டது.

வேளைக்கு வேளை கஞ்சி வச்சா - ஒன்
வூட்டு மகராசி மருமவதான்
வேல அவளுக்குப் போவுமின்னு - நீ
வெறுங்கிண்ணி காட்டினியே
மொச்ச அவிச்சி நான் வந்தேன் - என்
மொகங்கோணக் கூடாதுன்னு
முழுசா ஊத்தி மறச்சியே - எம்
மூத்த பொறப்பே போனியே

வந்தவர்கள் ஓவென்று அழுதார்கள். எதிர் வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளியம்மாள் அந்த முதல் இரண்டு வரியைத் திரும்ப ஒரு தடவை பாடினாள், இன்னும் சத்தமாக.

கங்கா கூடத்துக்கு வந்து, ஈரம் காயாத தரையில் கிழக்கு முகமாக விளக்கை வைத்து, திரியைத் தூண்டி ஏற்றினாள். சுடர் ஆடாமல் நின்றது. மறுபடியும் அறைக்குள் போனாள். நேற்று சாயங்காலம் வைத்த கஞ்சியின் கிண்ணி, அறையைக் கழுவும்போது அவள் எடுத்து வைத்தபடியே கட்டில்மேல் இருந்தது. அதை மட்டும் அவர் கொண்டுபோய் ஊற்றவில்லை. ஏடு கட்டி அப்படியே இருந்தது.

பேசினில் ஊற்றினாள். ஒரு நிமிஷம்கூட நிற்காமல் இறங்கிப் போயிற்று. கிண்ணியைக் கழுவித் துடைத்து, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, தெருவில் ஆம்பளைகளின் பேச்சுக்குரல் கேட்கவே கால் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.